தமிழில் வைத்தியம் கற்பித்த கிறீன்

கல்லூரிச் சஞ்சிகைக்கு ஒரு பெரியாரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி டீச்சர் கேட்டபோது, நான் இப்னு சீனாவைப் பற்றித்தான் எழுதுவேன் என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். மருத்துவபீடத்தில் இரண்டாம் வருடம் படிக்கும் ஒரு பழைய மாணவியிடம் வேறு எதைத்தான் எதிர்பார்ப்பார்கள்? ஆனால் இப்னு சீனாவைப் பற்றி நமது சஞ்சிகையில் பலர் எழுதிவிட்டார்கள். நான் எழுத விரும்புவது நமது நாட்டிலேயே, நாம் பேசும் மொழியிலேயே, வைத்தியம் படிக்க வந்தவர்களுக்கு உயிரியலும் இரசாயனமும் கற்பித்த ஒருவரைப் பற்றி. அவர் பெயர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அவர் மறைந்து 140 வருடங்கள் கடந்துவிட்டன.

அவரை நான் தேடிப் போனதற்குக் காரணம் ஒரு வெட்கம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உயர்தரம் வரை நான் தமிழில் படித்தவள். கலம், இழையம், நாடி, நாளம், சுவாசப்பை, நொதியம் என்ற சொற்களோடுதான் மனித உடல் எனக்கு அறிமுகமானது. மருத்துவபீடத்தில் முதல் வார விரிவுரைகள் எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தன. விரிவுரையாளர் கேட்ட கேள்விகளில் பாதிக்கு எனக்கு விடை தெரியும். ஆனால் அந்த விடையின் ஆங்கிலப் பெயர் தெரியாது. அதனால் கையை உயர்த்தாமலே இருந்துவிட்டேன். விடுதிக்கு வந்து, உயர்தரக் குறிப்புக் கொப்பிகளைப் பெட்டியின் அடியில் வைத்து மேலே உடுப்புகளை அடுக்கினேன். தமிழில் படித்ததை யாரும் காணக்கூடாது என்று அன்று நினைத்தேன்.

முதல் விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோது உம்மும்மா வைத்தியசாலையில் இருந்து திரும்பி ஒரு கிழமை ஆகியிருந்தது. அவருக்குச் சீனி வருத்தம். அங்கே என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். ஏதோ சொன்னார்கள், அவசரத்தில் ஒன்றும் விளங்கவில்லை என்றார். தலை சுற்றினால் குளிசை போடுவதும், சுகமாக இருந்தால் விட்டுவிடுவதுமாக இருந்திருக்கிறார். நான் புதிதாகப் படித்த சொற்களில் விளக்கத் தொடங்கினேன். உம்மும்மா பொறுமையாகக் கேட்டார். கடைசியில், சொல்லி முடிந்ததா மகள் என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

அன்றிரவு அந்தப் பழைய கொப்பியை வெளியே எடுத்தேன். நாம் சாப்பிடும் சோறும் பாணும் வயிற்றில் சமிபாடடைந்து குளுக்கோசாக மாறுகின்றன. அது குருதியில் கலந்து உடல் முழுவதும் போகிறது. ஒவ்வொரு கலத்துக்கும் அதுதான் எரிபொருள். ஆனால் கலத்தின் கதவைத் திறக்கச் சதையியில் சுரக்கும் இன்சுலின் வேண்டும். அந்தக் கதவு சரியாகத் திறக்காவிட்டால் சீனி வெளியே, குருதியிலேயே தேங்கி நிற்கும். வருத்தம் தெரியாத நாளிலும் அது சிறுநீரகத்தையும் கண்ணையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாக்கிக்கொண்டுதான் இருக்கும். அதனால்தான் சுகமாக இருக்கும் நாளிலும் குளிசை வேண்டும். இவ்வளவையும் தமிழில் சொன்னேன். உம்மும்மா இரண்டு கேள்விகள் கேட்டார். இரண்டும் நல்ல கேள்விகள். அதற்குப் பிறகு அவர் குளிசையை விடவில்லை.

இந்த அறிவைத் தமிழில் சொல்லலாம் என்று முதலில் நினைத்தவர் யார் என்ற கேள்வி அன்றுதான் எனக்குள் எழுந்தது. விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பியபோது யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தியிடம் கேட்டேன். அவள் யோசிக்காமல் கிறீன் என்றாள். மானிப்பாயில் அவர் பெயரால் வைத்தியசாலையே இருக்கிறதே என்றாள். அவரைப் பற்றித் தேடித் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கிறீன் 1822 ஒக்டோபரில் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்ரர் என்ற ஊரில் பிறந்தார். வசதியும் பெயரும் உள்ள குடும்பம். அவருடைய மூத்த சகோதரர் அன்றூ கிறீன் நியூயோர்க் மாநகரை உருவாக்கியவர்களில் முதன்மையானவர். அந்நகரின் மத்தியிலுள்ள பெரிய பூங்கா உருவானதிலும் அவருக்குப் பெரும் பங்குண்டு. தம்பியும் நியூயோர்க்கிலேயே வைத்தியம் படித்து 1845இல் பட்டம் பெற்றார். அங்கேயே தங்கியிருந்தால் நல்ல வருமானத்தோடு வாழ்ந்திருக்கலாம். அவரோ 1847இல் கப்பலேறி, அந்த ஆண்டின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தை வந்தடைந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 25.

அவர் எதற்காக வந்தார் என்பதை மறைக்கத் தேவையில்லை. அமெரிக்க மிசன் அவரை அனுப்பியது. தமது சமயத்தைப் பரப்புவது அவருடைய நோக்கங்களில் ஒன்று. அவருக்கு முன்னரே ஸ்கடர், வோர்ட் என்ற அமெரிக்க வைத்தியர்கள் அதே மிசனில் யாழ்ப்பாணத்தில் வேலை செய்திருந்தார்கள். கிறீன் முதலில் வட்டுக்கோட்டையில் தங்கிப் பின்னர் மானிப்பாயில் நிலைகொண்டார். அங்கே நோயாளரைப் பார்த்துக்கொண்டே 1848இல் சில இளைஞர்களுக்கு வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். கொழும்பில் வைத்தியக் கல்லூரி 1870இல்தான் ஆரம்பமானது. அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பே மானிப்பாயில் ஒரு வைத்திய வகுப்பு நடந்திருக்கிறது.

அந்த மாணவர்கள் எதை முதலில் படித்திருப்பார்கள்? இன்று வைத்தியராகவோ, தாதியாகவோ, மருந்தாளராகவோ வர விரும்பும் நாம் முதலில் படிப்பதைத்தான். எலும்புகள் எத்தனை, இதயம் எப்படி இயங்குகிறது, மூச்சு எங்கே போகிறது, சாப்பாடு என்னவாகிறது என்று உடலின் அமைப்பையும் தொழிலையும் படிக்க வேண்டும். மருந்து என்ற பொருள் எதனால் ஆனது, எது எதோடு சேர்ந்தால் என்ன உண்டாகும் என்று இரசாயனமும் படிக்க வேண்டும். இந்த இரண்டு அத்திவாரமும் இல்லாமல் நோயைப் பற்றிப் பேச முடியாது. கிறீன் முதலில் இவற்றை ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். புத்தகங்கள் ஆங்கிலத்தில்தான் இருந்தன.

ஆனால் சில வருடங்களில் அவர் ஒன்றைக் கவனித்தார். ஆங்கிலத்தில் படித்துத் தேறியவர்களில் பலர் கிராமத்தில் நிற்கவில்லை. அரசாங்க உத்தியோகமும் நல்ல சம்பளமும் அவர்களை வேறு இடங்களுக்கு அழைத்துக்கொண்டன. அதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நமது வீடுகளிலும் பிள்ளை படித்து நல்ல உத்தியோகத்துக்குப் போக வேண்டும் என்றுதானே துஆக் கேட்கிறோம்? என்றாலும் யாருக்காக இந்தப் படிப்பைத் தொடங்கினாரோ அந்தக் கிராமத்து நோயாளர் பழையபடியே இருந்தார்கள். கிராமத்தவரின் மொழியில் படித்தவரே கிராமத்தில் தங்குவார், அவர்களுக்கு விளங்கும்படி பேசுவார் என்ற முடிவுக்குக் கிறீன் வந்தார். தமது மாணவர்கள் உடையிலும் பழக்கத்திலும் வெள்ளைக்காரரைப் போல மாறுவதையும் அவர் விரும்பவில்லை.

முடிவெடுப்பது இலகு. ஆனால் தமிழில் கற்பிக்கப் புத்தகம் எங்கே? இல்லை. ஆகவே அவரே ஆக்கத் தொடங்கினார். மனித உடலின் அமைப்பு, தொழில், சுகாதாரம் மூன்றையும் சொல்லும் கற்றர் என்பவரின் நூல் முதலில் 1850களில் தமிழில் வந்தது. 1857இல் ‘பிரசவ வைத்தியம்’ வெளிவந்தது. அந்த ஆண்டு ‘பிரசவ வைத்தியம்’ அச்சானதை வாசித்தபோது நான் சற்று நேரம் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். ஒரு தாயும் குழந்தையும் பிரசவத்தில் ஏன் இறக்கிறார்கள், அதை எப்படித் தடுக்கலாம் என்பது அப்போதே தமிழில் எழுதப்பட்டிருக்கிறது.

பத்து வருட உழைப்பில் உடல்நிலை தளர்ந்து 1857இல் அவர் ஊர் திரும்பினார். 1862இல் மனைவி மாக்ரெற்றுடன் மறுபடியும் யாழ்ப்பாணம் வந்தார். அதற்குப் பிறகுதான் தமிழ்வழி வைத்தியக் கல்வி முழுமூச்சாக நடந்தது. 1867இல் சத்திரசிகிச்சை பற்றிய ‘இரண வைத்தியம்’, 1872இல் கிரே என்பவரின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் முதலியவற்றைத் தழுவிய ‘மனுஷ அங்காதிபாதம்’, அதே ஆண்டில் நோய்களையும் சிகிச்சைகளையும் சொல்லும் ‘வைத்தியாகரம்’, 1875இல் இரசாயனத்துக்கு ‘கெமிஸ்தம்’, 1883இல் உடற்றொழிலியலுக்கு ‘மனுஷ சுகரணம்’ என்று நூல்கள் வந்தன. எல்லாமாக ஏறத்தாழ 4000 பக்கங்கள். இந்த வேலையை அவர் தனியே செய்யவில்லை. அவரிடம் படித்துத் தேறிய தமிழ் மாணவர்கள் கூட இருந்து மொழிபெயர்த்தார்கள். அவர் பார்த்துத் திருத்தினார்.

கலைச்சொற்களுக்கு அவர் ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். ஒரு கருத்துக்குத் தமிழில் சொல் இருக்கிறதா என்று முதலில் தேடுவார். இல்லையென்றால் சமஸ்கிருதத்தில் தேடுவார். அங்கும் பொருத்தமானது இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதிவிடுவார். கெமிஸ்தம் என்ற தலைப்பைப் பாருங்கள். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் வால் ஒன்று வைத்திருக்கிறார். இன்று நாம் அதை இரசாயனவியல் என்கிறோம். அங்காதிபாதத்தை உடற்கூற்றியல் என்கிறோம். அவர் ஆக்கிய பல சொற்கள் இன்று வழக்கில் இல்லை. 1950களுக்குப் பிறகு நமது பாடசாலைகளுக்கென்று ஆக்கப்பட்ட சொற்களே நமது பாடநூல்களில் இருக்கின்றன. ஆனாலும் ஒட்சிசன், காபனீரொட்சைட்டு, குளுக்கோசு என்று நாம் எழுதும்போது, கிறீன் போட்ட மூன்றாவது வழியில்தான் நடக்கிறோம். சொல் மாறலாம். தமிழில் சொல்ல முடியும் என்று ஒருவர் செய்து காட்டியதுதான் பெரிது.

அவர் காலத்து வைத்தியத்துக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்பதையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். வாந்திபேதி என்னும் கொலரா அன்று யாழ்ப்பாணத்தை மீண்டும் மீண்டும் தாக்கியது. கிறீனும் மாணவர்களும் நோய் பரவிய ஊர்களுக்குப் போய் வேலை செய்தார்கள். ஆனால் கொலராவுக்குக் காரணமான பற்றீரியாவை றொபேட் கொக் உறுதியாக இனங்காட்டியது 1884இல். கிறீன் மறைந்ததும் அதே வருடம்தான். காரணம் தெரியாத ஒரு நோயோடுதான் அவர் தம் வாழ்நாள் முழுவதும் போராடியிருக்கிறார்.

இன்று அந்த நோயை நாம் உயர்தர வகுப்பு அறிவோடேயே விளங்கிக்கொள்ளலாம். கொலராப் பற்றீரியா வெளிவிடும் நச்சுப் பொருள், சிறுகுடல் சுவரின் கலங்களில் இருந்து குளோரைட்டு அயன்களை வெளியேறச் செய்கிறது. உப்பு போகும் இடத்துக்கு நீரும் பின்னால் போகும். சில மணித்தியாலங்களிலேயே உடல் வற்றிவிடும். ஆனால் அந்தக் கலங்களில் இன்னொரு வழி பழுதாகாமல் இருக்கிறது. சோடியமும் குளுக்கோசும் சேர்ந்து வந்தால் இரண்டையும் அது உள்ளே எடுக்கும். நீரும் கூடவே வரும். வயிற்றோட்டம் வந்தால் உம்மா கரைத்துத் தருகிற ஜீவனிப் பைக்கற்றில் உப்போடு ஏன் குளுக்கோசும் இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? இதுதான் காரணம். ருசிக்காகப் போட்டதல்ல. இரசாயனமும் உயிரியலும் ஒரு கோப்பைத் தண்ணீரில் சேர்ந்து உயிர் காக்கின்றன. இந்த உண்மை 1960களில்தான் வைத்தியத்துக்குப் பயன்பட்டது. இதைக் கிறீன் அறிந்திருந்தால் அதையும் தமிழில் எழுதி ஊர் ஊராகக் கொடுத்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

1873இல் உடல்நலம் குன்றி அவர் அமெரிக்காவுக்குத் திரும்பினார். ஆனால் வேலையை விடவில்லை. பிரதிகள் கப்பலில் போக, கப்பலில் வர, வூஸ்ரரில் இருந்துகொண்டே தமிழ் நூல்களைத் திருத்தினார். ‘கெமிஸ்தம்’, ‘மனுஷ சுகரணம்’ இரண்டும் அவர் நாடு திரும்பிய பிறகு வெளிவந்தவை. சுற்றிலும் தமிழ் பேசும் ஒருவரும் இல்லாத ஊரில் இருந்துகொண்டு பத்து வருடம் தமிழில் வேலை செய்ய எவ்வளவு பிடிவாதம் வேண்டும்! 1884 மே மாதம் தமது 61ஆவது வயதில் அவர் காலமானார். தமிழர்களுக்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்ற பொருளில் அவருடைய கல்லறையில் எழுதப்பட்டிருக்கிறது. அப்படி எழுத வேண்டும் என்பது அவரது சொந்த விருப்பம்.

அவர் தேற்றிய வைத்தியர்கள் அறுபது பேருக்கு மேல். அவர் போனபின் அவருடைய மாணவர்கள் சில காலம் கற்பித்தலைத் தொடர்ந்தார்கள். ஆனால் பள்ளி நீடிக்கவில்லை. நாட்டில் வைத்தியக் கல்வி முழுவதும் ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. அவருடைய மாணவர்களின் பெயர்களைப் பார்த்தால் எல்லாம் ஆண்கள். பெண்களுக்கு அந்த வகுப்பில் அன்று இடமிருக்கவில்லை. இந்தக் குறைகளையும் சொல்லாமல் விட்டால் இது வாழ்க்கை வரலாறு ஆகாது.

வேறு சமயத்தவர், அதுவும் சமயம் பரப்ப வந்தவர், அவரை ஏன் நமது சஞ்சிகையில் எழுதுகிறாய் என்று வாப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். நான் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கைப் பற்றிச் சொன்னேன். பக்தாதில் அப்பாஸிய கலீபாக்களின் காலத்தில் வாழ்ந்தவர் அவர். கிரேக்க வைத்தியர் கலேனின் நூல்களைச் சுரியானி மொழிக்கும் அரபுக்கும் கொண்டுவந்தவர். அவரும் கிறிஸ்தவர். நமது முன்னோர் அவருடைய மொழிபெயர்ப்பை மதித்து வாங்கினார்கள், அதன் மேல் தங்கள் ஆய்வுகளைக் கட்டினார்கள். அர்ராஸியும் இப்னு சீனாவும் அந்த அத்திவாரத்தின் மேல் எழுந்தவர்கள். பிறகு இப்னு சீனாவின் அல்கானூன் லத்தீனுக்குப் போய் ஐரோப்பாவின் பாடநூலானது. ஹுனைன் மறைந்தது 873இல். கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டுப் போனது 1873இல். நடுவில் சரியாக ஆயிரம் வருடம். வாப்பா கேட்டுவிட்டு, அப்படியென்றால் எழுது என்றார்.

அன்புத் தங்கையரே, ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நன்றாகப் படியுங்கள். உயர்கல்வியில் அது இல்லாமல் ஓர் அடி வைக்க முடியாது. முதல் வருடத்தில் நான் பட்ட பாடு நீங்கள் படாமல் இருக்க இப்போதிருந்தே வாசியுங்கள். ஆனால் தமிழில் படித்ததை என்னைப் போலப் பெட்டியின் அடியில் ஒளித்து வைக்காதீர்கள். நாளை நீங்கள் வைத்தியராக, தாதியாக, மருந்தாளராக, குடும்பநல உத்தியோகத்தராக வரும்போது, இன்ஷா அல்லாஹ், உங்கள் முன்னால் வந்து உட்காரப் போகிறவர் ஓர் உம்மும்மா. அவருக்கு விளங்கினால்தான் அவர் குளிசை போடுவார்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை தமிழ்மொழி மூலம் படிக்கிறாளே, பின்னால் கஷ்டப்படுவாளே என்று கவலைப்படுகிறீர்கள். கொஞ்சம் கஷ்டப்படுவாள்தான். நானும் பட்டேன். ஆனால் விளங்கிப் படித்த பிள்ளைக்குப் பின்னால் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். விளங்காமல் பாடமாக்கியவளுக்கு எந்த மொழியிலும் கஷ்டம்தான்.

என் உயர்தரக் கொப்பிகள் இப்போது மேசைமேல் இருக்கின்றன. ஒவ்வொரு தமிழ்ச் சொல்லுக்கும் பக்கத்தில் ஆங்கிலச் சொல்லை எழுதிக்கொண்டு வருகிறேன். போன விடுமுறையில் உம்மும்மாவுக்கு இரத்த அழுத்தம் என்றால் என்ன என்று சொல்ல வேண்டியிருந்தது. இதயத்தின் நான்கு அறைகளையும் ஒரு கடதாசியில் கீறிக் காட்டினேன். அந்தக் கடதாசியை அவர் மடித்துத் தமது மருந்துப் பையில் வைத்துக்கொண்டார்.